கிளையா, இணைப்பா? அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களின் உடைமையும் வலையமைப்பு உறவும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தொலைக்காட்சி என்றவுடன் என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி., ஃபாக்ஸ் ஆகிய வலையமைப்புகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நாட்டுச் சட்டம் ஒளிபரப்பு உரிமத்தை வலையமைப்புக்கு வழங்குவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் இயங்கும் தனித்தனி நிலையத்திற்கே வழங்குகிறது. பெரும்பாலான உள்ளூர் நிலையங்கள் வலையமைப்பின் கிளைகள் அல்ல. ஒப்பந்தத்தால் அதனோடு இணைந்த தனி நிறுவனங்கள். உரிமம், உடைமை, ஒப்பந்தம் என்னும் மூன்றும் தம்முள் கொண்ட உறவையும், 1990களுக்குப் பின் அவ்வுறவில் நேர்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. வலையமைப்பு தரும் நிகழ்ச்சியை மறுக்கும் உரிமை, சட்டத்தில் மாறாதிருந்தும் நடைமுறையில் ஊரிலிருந்து குழுமத் தலைமையகத்திற்கு நகர்ந்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: உள்ளூர்த் தொலைக்காட்சி, வலையமைப்பு, இணைப்பு நிலையம், ஊடக உடைமை, மறுப்புரிமை

முன்னுரை

ஊடகவியல் நூல்களைத் தமிழில் கற்பிக்கும்போது, வலையமைப்போடு இணைந்த உள்ளூர் நிலையத்தைக் 'கிளை நிலையம்' என்று குறிக்கத் தோன்றுவது இயல்பு. வங்கிக்குக் கிளை உண்டு. அஞ்சலகத்துக்குக் கிளை உண்டு. ஆயினும் 'கிளை' என்ற சொல், மரம் ஒன்று, வேர் ஒன்று, உடைமையாளர் ஒருவர் என்ற பொருளைத் தன்னுள் கொண்டுள்ளது. அமெரிக்க உள்ளூர் நிலையம் பெரும்பாலும் அத்தகையதன்று. அது வேறொருவர் உடைமை. வேறொருவர் பெயரில் உரிமம் பெற்றது. வலையமைப்போடு சில ஆண்டுகளுக்கு மட்டும் உடன்படிக்கை செய்துகொண்டது. எனவே அதனை 'இணைப்பு நிலையம்' என்பதே பொருந்தும்.

இவ்வேறுபாடு கலைச்சொல் பற்றியது மட்டுமன்று. ஓர் ஊரின் மக்கள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க இயலாது என்பதை முடிவுசெய்பவர் யார் என்ற வினா இதிலேயே அடங்கியுள்ளது.

1. உரிமம், உடைமை, ஒப்பந்தம்

1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தால் அமைக்கப்பட்ட கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமே அமெரிக்காவில் ஒளிபரப்பு உரிமங்களை வழங்குகிறது. அலைக்கற்றை பொதுச்சொத்து, அதனைப் பயன்படுத்தும் நிலையம் பொதுநலனுக்குப் பணியாற்ற வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. ஒவ்வோர் உரிமமும் ஒரு குறிப்பிட்ட ஊருக்கு உரியது. அந்த ஊர் மக்களுக்குப் பணியாற்றும் பொறுப்பு உரிமதாரரைச் சாரும். அப்பொறுப்பை அவர் வலையமைப்பிடம் ஒப்படைத்துவிட முடியாது.

உடைமையும் உறவும் கொண்டு நோக்கின், வணிக நிலையங்களை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, வலையமைப்பே உடைமையாளராக இருந்து நடத்தும் சொந்த நிலையம். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ போன்ற பெருநகரங்களில் பெரிய வலையமைப்புகள் இத்தகைய நிலையங்களை வைத்துள்ளன. இரண்டாவது, பிறர் உடைமையாக இருந்து ஒப்பந்தத்தின் வழி வலையமைப்பு நிகழ்ச்சிகளை ஏற்கும் இணைப்பு நிலையம். மூன்றாவது, எந்தப் பெரிய வலையமைப்போடும் சேராத தனி நிலையம். பார்வையாளர் அளவீட்டிற்காக நீல்சன் நிறுவனம் நாட்டை 210 சந்தைப்பகுதிகளாகப் பிரித்துள்ளது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் வலையமைப்பின் நிகழ்ச்சிகள் இரண்டாம் வகை நிலையங்கள் வழியாகவே வீடுகளை அடைகின்றன.

வலையமைப்புக்கும் நிலையத்துக்கும் இடையிலான உறவைச் சட்டம் தொடக்கத்திலேயே கவனித்தது. ஆணையம் 1941இல் சங்கிலி ஒலிபரப்பு பற்றிய விதிகளை வெளியிட்டது. ஒரே நிறுவனம் இரு வலையமைப்புகளை நடத்துவதை அவ்விதிகள் எதிர்த்தன. நிலையம் தனக்குப் பொருந்தாத நிகழ்ச்சியை மறுக்கும் உரிமையை உறுதிசெய்தன. என்.பி.சி. தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1943இல் விதிகளை ஏற்றது. அதே ஆண்டில் என்.பி.சி. தன் இரு வலையமைப்புகளுள் ஒன்றை விற்றது. அதுவே பின்னர் ஏ.பி.சி. ஆயிற்று. வானொலிக்கென வகுக்கப்பட்ட மறுப்புரிமை தொலைக்காட்சிக்கும் நீண்டு, இன்றும் விதியாக நிலைத்துள்ளது.

2. மூன்று வலையமைப்புகள் நிலைபெற்ற காரணம்

அலைவரிசைகளின் பற்றாக்குறையே இணைப்பு உறவின் தொடக்ககால வடிவத்தை வகுத்தது. இடையூறுச் சிக்கல்களைத் தீர்க்க ஆணையம் 1948 செப்டம்பரில் புதிய நிலைய உரிமங்களை நிறுத்திவைத்தது. 1952 ஏப்ரலில் வெளியான ஆறாவது அறிக்கையும் ஆணையும் அந்நிறுத்தத்தை நீக்கி, ஊர்தோறும் அலைவரிசைகளை ஒதுக்கியது. 2 முதல் 13 வரையிலானவை வி.எச்.எஃப். அலைவரிசைகள், 14 முதல் 83 வரையிலானவை யு.எச்.எஃப். அலைவரிசைகள். முன்னவை தெளிவாகவும் தொலைவாகவும் எட்டின. பின்னவற்றைப் பெறும் வசதி அக்காலப் பெட்டிகள் பலவற்றில் இல்லை. அவ்வசதியை எல்லாப் பெட்டிகளிலும் கட்டாயமாக்கும் சட்டம் 1962இல்தான் வந்தது.

இதன் விளைவாக, பல ஊர்களில் வலிய நிலையங்கள் மூன்றோ அதற்கும் குறைவாகவோ இருந்தன. நான்காவது வலையமைப்பாக விளங்கிய டூமாண்ட் இணைப்பு நிலையங்கள் போதாமையால் நலிந்து 1956இல் மறைந்தது. நிகழ்ச்சி உருவாக்கும் திறன் மட்டும் வலையமைப்பை வாழவைக்காது, ஊர்களில் கதவு திறக்கும் நிலையங்கள் வேண்டும் என்பதை டூமாண்டின் முடிவு காட்டுகிறது.

அப்போது பணம் வலையமைப்பிலிருந்து நிலையத்துக்குப் பாய்ந்தது. நிலையம் தன் நேரத்தை அளித்தமைக்காக வலையமைப்பு இழப்பீட்டுத் தொகை வழங்கியது. நிகழ்ச்சியும் வந்தது, பணமும் வந்தது, இடைவேளைகளில் உள்ளூர் விளம்பரம் விற்கும் வாய்ப்பும் கிடைத்தது. மூன்று கதவுகள் மட்டுமே இருந்த ஊரில் கதவுக்குரியவரின் கை ஓங்கியிருந்ததில் வியப்பில்லை.

3. மறுப்புரிமையின் இரு முகங்கள்

உள்ளூர் நிலையம் மறுக்கலாம் என்பது கேட்பதற்கு மக்களாட்சிக்கு இசைவாகத் தோன்றும். ஆனால் மறுப்பவர் ஊரார் அல்லர். ஊரில் உரிமம் பெற்றவர். இவ்வேறுபாட்டை மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் இயங்கிய டபிள்யூ.எல்.பி.டி. நிலையத்தின் வரலாறு தெளிவாக்குகிறது.

என்.பி.சி.யோடு இணைந்த அந்நிலையத்தை ஒரு காப்பீட்டு நிறுவனம் உடைமையாகக் கொண்டிருந்தது. அதன் ஒளிபரப்பு எட்டிய பகுதியின் மக்களுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். அவர்களது உரிமைப் போராட்டம் பற்றிய வலையமைப்பு நிகழ்ச்சிகளை நிலையம் தடுத்தது என்ற புகார் தொடர்ந்து எழுந்தது. வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் 1955இல் வலையமைப்பு நிகழ்ச்சியொன்றில் தோன்றியபோது, கம்பிவடக் கோளாறு என்ற அறிவிப்பை நிலையம் திரையில் இட்டது என்பது அப்புகார்களுள் ஒன்று.

கிறிஸ்துவின் ஐக்கிய திருச்சபை என்னும் அமைப்பின் ஊடகப் பிரிவு 1964இல் உரிமப் புதுப்பிப்பை எதிர்த்து மனு அளித்தது. ஒளிபரப்பைப் பார்ப்பவர்களுக்கு உரிம விசாரணையில் வாதாடும் தகுதி இல்லை என்பதே ஆணையத்தின் அன்றைய நிலைப்பாடு. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966இல் அதனை மறுத்து, பார்வையாளர்களின் பிரதிநிதிகளுக்கு அத்தகுதி உண்டு என்று தீர்ப்பளித்தது; 1969இல் உரிமப் புதுப்பிப்பையே செல்லாததாக்கியது. உரிமம் பெற்றவருக்கு மறுக்கும் உரிமை உண்டெனில், அவரைக் கேள்வி கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்பது இவ்வழக்கால் நிலைபெற்றது.

4. 1994: ஓர் ஒப்பந்தம் குலைத்த வரைபடம்

நாற்பது ஆண்டுகளாகப் பெரிதும் அசையாதிருந்த இணைப்பு வரைபடத்தை 1994 குலைத்தது. ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் வலையமைப்பு 1986 அக்டோபரில் தொடங்கியது. அதன் இணைப்பு நிலையங்களுட் பல யு.எச்.எஃப். அலைவரிசைகளில் இயங்கியவை. 1993 டிசம்பரில் ஃபாக்ஸ், தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒரு பிரிவுப் போட்டிகளை நான்கு ஆண்டுகளுக்கு ஒளிபரப்பும் உரிமையை 158 கோடி டாலருக்குப் பெற்றது. 1956 முதல் அக்கூட்டமைப்பின் போட்டிகளை ஒளிபரப்பிவந்த சி.பி.எஸ். அவ்வுரிமையை இழந்தது.

போட்டிகளைப் பெற்ற ஃபாக்ஸுக்கு வலிய நிலையங்கள் தேவைப்பட்டன. 1994 மே 23 அன்று நியூ வேர்ல்டு கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு அது ஓர் உடன்பாட்டை அறிவித்தது. நியூ வேர்ல்டின் 12 நிலையங்கள் ஃபாக்ஸுக்கு மாறும். ஃபாக்ஸ் அந்நிறுவனத்தில் 50 கோடி டாலர் முதலிடும் என்பது அதன் சாரம். அந்நிலையங்களுட் பெரும்பாலானவை அதுவரை சி.பி.எஸ். நிகழ்ச்சிகளை ஏற்றவை. ஒரு நிறுவனத்தின் கையொப்பம் பல நகரங்களின் இணைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றியது. எஞ்சிய நிலையங்களைக் காத்துக்கொள்ள மற்ற வலையமைப்புகளும் நீண்டகால ஒப்பந்தங்களை நாடின.

டெட்ராய்ட் நகரின் அனுபவம் இங்குக் கருதத்தக்கது. அங்கு 2ஆம் அலைவரிசையான டபிள்யூ.ஜே.பி.கே. ஃபாக்ஸுக்கு மாறியது. 4ஆம் அலைவரிசை என்.பி.சி.யிடமும் 7ஆம் அலைவரிசை ஏ.பி.சி.யிடமும் இருந்தன. வேறு வழியின்றி சி.பி.எஸ். 62ஆம் அலைவரிசையில் இயங்கிய டபிள்யூ.ஜி.பி.ஆர். நிலையத்தை 2.4 கோடி டாலருக்கு வாங்கியது. 1975 செப்டம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கிய அந்நிலையம், அமெரிக்கப் பெருநிலத்தில் கறுப்பின மக்கள் உடைமையாகக் கொண்டு நடத்திய முதல் தொலைக்காட்சி நிலையமாகும். வழக்கறிஞர் வில்லியம் பேங்க்ஸ் தலைமையிலான மேசன் அமைப்பு ஒன்று அதனை நிறுவியது. உள்ளூர்க் கறுப்பின மக்களுக்கான செய்தியும் நடன நிகழ்ச்சியும் அங்கிருந்து ஒளிபரப்பாயின.

விற்பனைக்குப் பின் அந்நிலையம் டபிள்யூ.டபிள்யூ.ஜே. என்ற பெயரில் சி.பி.எஸ்.ஸின் சொந்த நிலையமாயிற்று. நாட்டின் பெரிய வலையமைப்பொன்று நேரடியாக உடைமைகொண்டிருந்தும், அந்நிலையம் பல ஆண்டுகள் முழுமையான உள்ளூர்ச் செய்திப்பிரிவு இன்றியே இயங்கியது. அத்தகைய பிரிவு 2023இல்தான் தொடங்கப்பட்டது. பழைய நிலையக் கட்டடத்தில் இன்று பேங்க்ஸ் பெயரில் ஓர் அருங்காட்சியகம் உள்ளது. கால்பந்து உரிமைக்காக இரு வலையமைப்புகள் மோதியதன் விளைவு, அம்மோதலில் பங்கே இல்லாத ஒரு சமூகத்தின் நிலையத்தை அடைந்தது. அதன் உரிமம் எவராலும் பறிக்கப்படவில்லை. உடைமையாளர் தாமே விற்றார். ஆயினும் அந்நிலையத்தைக் குரலாகக் கொண்ட மக்களுக்கு அவ்விற்பனையில் கருத்துரைக்கும் இடம் மிகக் குறைவாகவே இருந்தது.

5. பணத்தின் திசைமாற்றம்

கேபிள் தொலைக்காட்சி பரவியபோது, உள்ளூர் நிலையங்களின் ஒளிபரப்பைக் கேபிள் நிறுவனங்கள் கட்டணமின்றி எடுத்து விநியோகித்தன. குடியரசுத் தலைவரின் மறுப்பாணையையும் மீறி நிறைவேறிய 1992ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் இந்நிலையை மாற்றியது. அதன்படி நிலையம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணமின்றித் தன்னைக் கட்டாயமாகச் சேர்க்கக் கோரலாம். அல்லது மறுஒளிபரப்புக்கு ஒப்புதல் தருவதற்கு விலை பேசலாம். பார்வையாளர் குறைந்த நிலையங்களுக்கு முதல் வழியும், நிறைந்த நிலையங்களுக்கு இரண்டாம் வழியும் ஏற்றனவாக இருந்தன.

முதற்கட்டத்தில் பெரிய கேபிள் நிறுவனங்கள் ரொக்கம் தர மறுத்தன. மாற்றாக, ஒளிபரப்பு நிறுவனங்களின் புதிய கேபிள் அலைவரிசைகளுக்கு இடமளித்தன. எஃப்.எக்ஸ்., ஈ.எஸ்.பி.என்.2 ஆகியவை இவ்வாறு வேரூன்றியவை. 2000களின் நடுப்பகுதியிலிருந்து ரொக்கக் கட்டணம் பரவியது. நிலையங்களுக்குப் பெருந்தொகை வரத் தொடங்கியதும், அத்தொகை தம் நிகழ்ச்சிகளின் வலிமையால் வருவதே என்று வலையமைப்புகள் பங்கு கேட்டன. இழப்பீடு வழங்கிவந்த வலையமைப்புகள் அதனைக் குறைத்து, பின்னர் நிறுத்தி, முடிவில் நிலையங்களிடம் கட்டணம் பெறத் தொடங்கின. பணம் பாயும் திசை தலைகீழாயிற்று.

இத்திசைமாற்றம் அதிகார உறவில் ஏற்படுத்திய விளைவைப் பாஸ்டன் நகரின் டபிள்யூ.எச்.டி.எச். நிலையத்தில் காணலாம். 1994இன் மாற்றங்களால் அந்நிலையம் சி.பி.எஸ்.ஸிலிருந்து பிரிந்து, 1995 ஜனவரியில் என்.பி.சி.யோடு இணைந்தது. 2009இல் ஜே லெனோவின் நிகழ்ச்சியை இரவு 10 மணிக்கு வைக்க என்.பி.சி. முடிவுசெய்தபோது, அந்நேரத்தில் உள்ளூர்ச் செய்தியே ஒளிபரப்பப்படும் என்று நிலையம் அறிவித்தது. இணைப்பைப் பறிப்பதாக வலையமைப்பு எச்சரித்தது, நிலையம் பணிந்தது. ஆயினும் 10 மணி நிகழ்ச்சியின் பார்வையாளர் குறைவு 11 மணிச் செய்திகளைப் பாதித்தது என்று நாடெங்கும் இணைப்பு நிலையங்கள் முறையிட்டதால், சில மாதங்களிலேயே என்.பி.சி. அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. தனித்து மறுத்த நிலையம் தோற்றது. சேர்ந்து முறையிட்ட நிலையங்கள் வென்றன.

2016இல் அந்நிலையத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று என்.பி.சி. அறிவித்து, 2017 ஜனவரி 1 முதல் பாஸ்டனில் தன் சொந்த நிலையத்தின் வழி ஒளிபரப்பியது. டபிள்யூ.எச்.டி.எச். தொடுத்த வழக்கு தள்ளுபடியாயிற்று. அது செய்தியை முதன்மையாகக் கொண்ட தனி நிலையமாக மாறி நீடிக்கிறது. அதே உடைமையாளரின் மயாமி நிலையமும் 1989இல் என்.பி.சி. இணைப்பை இழந்து, ஃபாக்ஸோடு சேர்ந்து, செய்தி நேரத்தைப் பெருக்கி வளர்ந்தது. இணைப்பை இழந்த நிலையம் அழிந்தே தீரும் என்பதில்லை; வலிய செய்திப்பிரிவு இருந்தால் பிழைக்கும். இணைப்பே முழு ஆதாரமாக இருந்தால், மறுப்புரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

6. குவியும் உடைமை

வலையமைப்பை எதிர்த்து நிற்க நிலையங்கள் கண்ட வழி பெருங்குழுமமாதல். உடைமை வரம்புகளின் தளர்வு அதற்கு வழிவிட்டது. 1950களில் ஒருவர் கொண்டிருக்கத்தக்க தொலைக்காட்சி நிலையங்கள் 7 என வரையறுக்கப்பட்டிருந்தது. 1980களின் நடுவில் அது 12 ஆக உயர்ந்தது. நாட்டின் தொலைக்காட்சி இல்லங்களில் 25 விழுக்காடு என்ற எல்லையும் வகுக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிக்கை வரம்பை நீக்கி, எல்லையை 35 விழுக்காடாக்கியது. 2004இல் நாடாளுமன்றம் அதனை 39 ஆக்கியது. யு.எச்.எஃப். நிலையங்களின் எட்டுதலைப் பாதியாகக் கணக்கிடும் சலுகை 2016இல் நீக்கப்பட்டு, 2017இல் மீட்கப்பட்டது. எண்மிய ஒளிபரப்பில் யு.எச்.எஃப். பழைய குறைபாட்டை இழந்துவிட்டமையால், இச்சலுகை இன்று குழுமங்கள் 39 விழுக்காட்டைக் கடந்து எட்டுவதற்கான வாயிலாகவே பயன்படுகிறது.

2017இல் சின்க்ளேர் குழுமம் டிரிப்யூன் குழுமத்தை வாங்க முனைந்தது. சில நிலையங்களைப் பிறருக்கு விற்பதாகக் காட்டிய ஏற்பாடுகள் உண்மையான விற்பனைகளா என ஆணையம் ஐயுற்று 2018இல் விசாரணைக்கு அனுப்ப, அம்முயற்சி முறிந்தது. 2019இல் நெக்ஸ்டார் குழுமம் டிரிப்யூனை வாங்கி, தானும் தன் கூட்டு நிறுவனங்களுமாக ஏறத்தாழ 200 நிலையங்களை நடத்தும் நிலையை அடைந்தது. உரிமம் ஒரு நிறுவனத்தின் பெயரிலும், அன்றாட இயக்கம் மற்றொன்றின் கையிலும் இருக்கும் பகிர்வு ஒப்பந்தங்களும் பெருகியுள்ளன. ஆகவே ஆவணத்தில் உள்ள உடைமையாளரின் பெயரை மட்டும் கொண்டு கட்டுப்பாட்டை அறிய இயலாது.

இக்குவிப்பால் மறுப்புரிமை வலுப்பெற்றது. ஆனால் ஊரைவிட்டு நீங்கியது. 2004 ஏப்ரலில் ஈராக்கில் உயிரிழந்த அமெரிக்கப் படைவீரர்களின் பெயர்களை வாசித்த ஏ.பி.சி. நிகழ்ச்சியைச் சின்க்ளேர் தன் ஏ.பி.சி. இணைப்பு நிலையங்களில் ஒளிபரப்பாமல் தடுத்தது. 2018இல் அக்குழுமத்தின் பல நிலையச் செய்தியாளர்கள் தலைமையகம் அனுப்பிய ஒரே வாசகத்தைத் தத்தம் ஊர்களில் வாசித்தனர். 2025 செப்டம்பரில், ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை ஒளிபரப்பப் போவதில்லை என நெக்ஸ்டாரும் சின்க்ளேரும் அறிவித்தன. ஆணையத் தலைவரும் அந்நிகழ்ச்சியைக் கண்டித்திருந்தார். ஏ.பி.சி. அதனை நிறுத்தி, ஒரு வாரத்திற்குள் மீண்டும் தொடங்கியபோதும், இரு குழுமங்களும் மேலும் சில நாட்கள் விலக்கிவைத்தே பின்னர் ஏற்றன. இம்முடிவுகள் சரியா தவறா என்பது வேறு வினா. பல ஊர்களுக்கு ஒரே முடிவு ஒரே இடத்தில் எடுக்கப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஊருக்கு ஊர் மாறுபடும் தேவையை முன்னிட்டு வழங்கப்பட்ட உரிமை, ஊர் வேறுபாடு கருதாமல் கையாளப்படுகிறது.

7. தமிழ்ச் சூழலோடு ஓர் ஒப்பீடு

இவ்வமைப்பைத் தமிழ்நாட்டு ஊடகங்களோடு நேராகப் பொருத்த இயலாது. 1975 ஆகஸ்ட் 15இல் ஒளிபரப்பைத் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி, தூர்தர்ஷனின் உறுப்பு; அதனைக் கிளை என்பது பொருந்தும். தரைவழி ஒளிபரப்பு இந்தியாவில் தனியாருக்குத் திறக்கப்படவில்லை. 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சி முதலாய தனியார் அலைவரிசைகள் செயற்கைக்கோள் வழி எல்லா ஊர்களுக்கும் ஒன்றாகவே செல்கின்றன. ஆதலின் ஊர்தோறும் உரிமம் பெற்ற இணைப்பு நிலையம் என்னும் இடைநிலை அமைப்பு இங்கு உருவாகவில்லை.

ஆயினும் வினாக்கள் பொதுவானவை. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்கிறது. அமெரிக்கக் கட்டாயச் சேர்ப்பு விதியோடு இதனை ஒப்பிடலாம். இங்கும் கட்டண அலைவரிசைக்குக் கேபிள் நிறுவனம் பணம் தருகிறது. இடம்வேண்டும் அலைவரிசை கேபிள் நிறுவனத்துக்குப் பணம் தருகிறது. யார் யாருக்குப் பணம் தருகிறார் என்பதைத் தொடர்ந்து சென்றால், யார் கை ஓங்கியுள்ளது என்பது புலப்படும். உள்ளூர்க் கேபிள் அலைவரிசைகளை ஆராய விரும்புவோர்க்கும் இம்முறை பயன்படும்.

முடிவுரை

அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சியை அறிய நிலையத்தின் திரையில் தோன்றும் வலையமைப்புச் சின்னம் போதாது. உரிமம் யாருடையது, உடைமை யாருடையது, ஒப்பந்தம் யாரோடு, பணம் எத்திசையில் பாய்கிறது என்னும் நான்கையும் சேர்த்துக் காண வேண்டும். ஜாக்சனில் உள்ளூர் உடைமையாளர் மறுத்தார். மக்கள் நீதிமன்றம் சென்று அவரைக் கேள்வி கேட்டனர். டெட்ராய்டில் ஒப்பந்தப் போட்டி ஒரு சமூகத்தின் நிலையத்தை மாற்றியது. பாஸ்டனில் தனித்து நின்ற நிலையம் இணைப்பை இழந்தது. இன்று பெருங்குழுமங்களே வலையமைப்பை மறுக்கும் வலிமை கொண்டுள்ளன.

உரிமம் இன்றும் ஊரின் பெயரிலேயே வழங்கப்படுகிறது. அந்த ஊரின் தேவையை அறிந்து முடிவெடுப்பவர் ஊரில் இல்லாதபோது, 1966இல் பார்வையாளர் பெற்ற கேள்வி கேட்கும் உரிமையே எஞ்சிய உள்ளூர்த் தன்மையாகிறது. அவ்வுரிமை இன்று எவ்வாறு பயன்படுகிறது என்பது தனியே ஆராயத்தக்கது.